உப்புத் துரு ஏறிய தச்சுக் கருவிகளை மீட்ட அனுபவம்

பெரியப்பாவின் கருவிப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கியது சென்ற ஆண்டு தை மாதம், மழை முழுதாக விட்ட பிறகு. நாகப்பட்டினத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நிலை, கதவு, ஜன்னல் என்று தேக்கிலும் பூவரசிலும் வேலை செய்தவர் அவர். 2004 டிசம்பர் 26 அன்று கடல்நீர் வீட்டுக்குள் புகுந்தபோது அந்தப் பெட்டி திண்ணை அறையில் தரையில் இருந்தது. இரண்டு நாள் கழித்துச் சேற்றிலிருந்து தோண்டியெடுத்து, கிணற்று நீரில் கழுவி, தேங்காய் எண்ணெய் பூசிப் பரணில் ஏற்றிவிட்டார் என்றும், அதன்பின் அவர் அதைத் திறக்கவே இல்லை என்றும் பெரியம்மா சொன்னார். அந்த நாட்களில் ஊர்க் கிணறுகளும் உப்பேறித்தான் கிடந்தன. ஆகவே அவர் கழுவியது உப்பை உப்பால் கழுவியதாகவே முடிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் இருந்தவை இவை: இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்யப்பட்ட, மரத்தைச் சீவி மட்டமாக்கும் ரெக்கார்டு நிறுவனத்தின் ஐந்தாம் எண் இரும்பு இழைப்புளி ஒன்று, மரக்கட்டையில் தகடு செருகிய பழைய இழைப்புளி ஒன்று, கால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலம் வரை ஆறு உளிகள், இருபத்தாறு அங்குலக் கைரம்பம், பித்தளை முதுகுப்பட்டை வைத்த சிறு ரம்பம், மரம் செதுக்கும் வாய்ச்சி, மூலைமட்டம், இரண்டு அரங்கள், உளியைத் தட்டப் பயன்படும் பிளந்துபோன கொட்டாப்புளி. இரும்பு எல்லாமே ஒரே செம்பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. தேங்காய் எண்ணெய் காய்ந்து பிசினாகி, அதன் மேல் தூசி படிந்து, அதற்கும் கீழே துரு தன் வேலையைச் செய்திருந்தது.

எடுத்த எடுப்பில் உப்புத்தாளை வைத்துத் தேய்க்கக் கை பரபரத்தது. தேய்க்காமல் விட்டதற்குக் காரணம் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசாரி. பெட்டியைப் பார்க்க வந்தவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றரை அங்குல உளியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்: “பளபளன்னு ஆக்கணும்னு நெனைக்காதீங்க தம்பி. வாய் ஓடுற எடம் வெள்ளையா இருந்தா போதும். மத்த எடத்துல கறுப்பு நிக்கட்டும், அது இரும்புக்குச் சட்டை.” இந்த வேலை முழுவதையும் நான் அந்தச் சொல்லை அளவுகோலாக வைத்துத்தான் செய்தேன்.

அவர் சட்டை என்று சொன்ன கறுப்புக்கு ஒரு பொருள் இருக்கிறது. விரலில் ஒட்டிக்கொண்டு வரும் செந்துரு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சு போன்றது. அது தான் பிறந்த இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் செதில் செதிலாக எழும்பி, அடியில் புதிய இரும்பைத் திறந்துவிடும். அதற்குக் கீழே சில இடங்களில் இறுகப் படிந்திருக்கும் கருந்துரு அப்படிப்பட்டதன்று. அது இரும்போடு ஒட்டி நிற்கும், ஈரத்தை அவ்வளவாக விடாது, எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செந்துருவை முழுதாக எடுத்துவிட்டுக் கருந்துருவை அதன் இடத்தில் விட்டுவிட்டால் கருவியின் வயதும் நிற்கும், பாதுகாப்பும் நிற்கும், நம் கையும் தப்பும். வெட்டும் முனைக்கு அருகிலும், மரத்தின் மேல் உரசிச் செல்லும் பரப்பிலும், அளவு காட்டும் விளிம்பிலும் மட்டுமே வெறும் உலோகம் வேண்டும்.

உள்நாட்டில் கிடைத்த பெட்டியாக இருந்திருந்தால் நேராகத் துரு எடுக்கும் வேலைக்குப் போயிருப்பேன். கடல்நீரில் ஊறிய இரும்புக்கு அது போதாது. துருவின் அடியில், குழிகளின் ஆழத்தில் உப்பிலிருந்து வந்த குளோரைடு தங்கியிருக்கும். மேலே எவ்வளவு சுத்தம் செய்து எண்ணெய் பூசினாலும், அடுத்த ஈரக் காற்றில் அந்தக் குழியிலிருந்தே துரு மீண்டும் முளைக்கும். இதைப் பெட்டி திறந்த மறுநாளே கண்ணால் பார்த்தேன். மூடுபனி இறங்கிய காலையில், சுரண்டிப் பார்த்திருந்த வாய்ச்சியின் மேல் ஊசிமுனை அளவுக்கு மஞ்சள் பழுப்புத் துளிகள் வியர்வை போல அரும்பி நின்றன. சுற்றிலும் இரும்பு உலர்ந்திருக்க, குழிகளின் மேல் மட்டும் துளி. குளோரைடு உள்ளே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில், 2000ஆம் ஆண்டு கடலடியிலிருந்து தூக்கப்பட்ட ஹன்லி என்னும் இரும்பு நீர்மூழ்கியை ஆண்டுக்கணக்கில் காரக் கரைசலில் ஊற வைத்து இந்த உப்பைத்தான் வெளியேற்றுகிறார்கள். நம் உளிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை, ஆனால் செய்ய வேண்டிய வேலை அதே வேலைதான்.

ஆகவே முதல் வாரம் துருவைத் தொடவே இல்லை. கைப்பிடி கழன்று வந்தவற்றைக் கழற்றிவிட்டு, கழலாத உளிகளைத் தலைகீழாக, இரும்பு மட்டும் நனையும்படி தொங்கவிட்டு, சலவைச் சோடா கரைத்த நீரில் ஊற வைத்தேன். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சோடா. கார நீரில் இரும்பு புதிதாகத் துருப்பிடிப்பது மிகவும் குறைந்துவிடும், அதே வேளையில் உப்பு மெல்ல வெளியே கரைந்து வரும். சேமித்து வைத்த மழைநீரைத்தான் பயன்படுத்தினேன். எங்கள் ஊர் ஆழ்குழாய் நீரில் ஊற வைத்தால் உள்ளே இருக்கும் உப்போடு இன்னும் கொஞ்சம் சேரும். இரண்டு நாளுக்கொரு முறை நீரை மாற்றி, எட்டு நாள் கழித்து எடுத்தேன். வாய்ச்சியை மட்டும் மூன்று வாரம் விட்டுவைத்தேன்.

இரும்பு இழைப்புளியைப் பிரிப்பது தனிக் கதை. அதன் பாகங்கள் எல்லாம் மரையாணிகளால் பூட்டப்பட்டவை. அந்த மரைகள் இன்று கடையில் கிடைக்கும் அளவுகளோடு பொருந்தாதவை என்பதால் ஒன்றை உடைத்தாலும் மாற்று கிடைப்பது கடினம். மண்ணெண்ணெயும் மெஷின் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து ஒவ்வொரு ஆணித் தலையைச் சுற்றியும் விட்டு, மூன்று நாள் காலை மாலை அதையே திரும்பச் செய்தேன். பிறகு ஆணித் தலையில் உள்ள காடியின் அகலத்துக்கும் பருமனுக்கும் சரியாகப் பொருந்தும் திருப்புளியை அரத்தில் தேய்த்து உருவாக்கிக்கொண்டேன். மெல்லிய திருப்புளியைப் போட்டுத் திருகினால் ஆணித் தலைதான் சிதையும். திருப்புளியை ஆணியில் நிறுத்தி, பிடியின் தலையில் சுத்தியலால் இரண்டு மெல்லிய தட்டு, பிறகு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, அதன்பின் தளர்த்தும் பக்கம். இப்படி மூன்று ஆணிகள் வந்துவிட்டன. தகட்டை ஏற்றி இறக்கும் பித்தளைத் திருகு மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் போராடிய பிறகுதான் அது இடப்புற மரை கொண்டது என்பது நினைவுக்கு வந்தது. மற்ற எல்லாத் திருகும் கழலும் திசையில் அது இறுகும். திசையை மாற்றிய உடனே விரலாலேயே சுழன்று வந்தது. பழைய இழைப்புளியைப் பிரிக்கிறவர்கள் இதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. உடலை நெருப்பில் காட்டிச் சூடேற்றவும் கூடாது, சுத்தியலால் அடிக்கவும் கூடாது. அது வார்ப்பிரும்பு, அடித்தால் வளைந்து கொடுக்காதது, விரிசல் விட்டால் விட்டதுதான்.

அந்த இழைப்புளியின் உள்பக்கம் நீல வண்ணம் பூசியது. அந்தக் காலத்து வண்ணங்களில் ஈயம் இருந்திருக்கக் கூடும் என்பதால், பழைய வண்ணம் எதுவாக இருந்தாலும் ஈயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்வது என் வழக்கம். உலர்ந்த நிலையில் தேய்ப்பதே இல்லை. மண்ணெண்ணெயோ தண்ணீரோ விட்டு, தூள் பறக்காமல் குழம்பாக வரும்படி தேய்த்து, பழைய செய்தித்தாளில் துடைத்து, அந்தத் தாளைச் சுருட்டித் தனிப் பையில் போட்டுவிடுவேன். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிடுவதற்கு முன் கையை நகக்கண் வரை கழுவ வேண்டும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம். சாணை மெஷினில் கம்பிச் சக்கரம் மாட்டித் துரு எடுப்பதை நான் தவிர்க்கிறேன். வேகம் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் கம்பிகள் முறிந்து ஊசியாகப் பறக்கும், உளியின் கூர்முனை சக்கரத்தில் மாட்டினால் கருவி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும், ஓரங்களும் எழுத்துப் பொறிப்புகளும் மழுங்கிவிடும்.

உளிகளுக்கு எலுமிச்சை உப்பைத் தேர்ந்தெடுத்தேன். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் கொடுக்கும் சிட்ரிக் அமிலம்தான் அது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு ஐம்பது கிராம். இரண்டு அங்குலப் பிவிசி குழாயில் ஓரடித் துண்டு வெட்டி, ஒரு முனைக்கு மூடி ஒட்டி, அதை உளி ஊறும் தொட்டியாக வைத்துக்கொண்டேன். அகலமான பாத்திரத்தில் ஊற்றினால் லிட்டர் கணக்கில் கரைசல் வேண்டும், கைப்பிடியும் நனையும். குழாயில் அரை லிட்டரே போதும், உளி செங்குத்தாக நிற்கும்.

கரைசலில் இறக்கிய முதல் ஒரு மணி நேரம் பெரிதாக எதுவும் தெரியாது. நீர் மெல்ல வெளிர்மஞ்சளாகி, பிறகு தேநீர் நிறத்துக்கு வரும். துரு மென்மையாகிச் சேறு போல ஆகும்போது வெளியே எடுத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, மீண்டும் இறக்க வேண்டும். இரண்டாம் மணியிலும் மூன்றாம் மணியிலும் அதையே செய்தேன். நான்காம் மணி நெருங்கும்போது முக்கால் அங்குல உளியின் மேல் சிறு குமிழிகள் சரம் சரமாக எழத் தொடங்கின. இதைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். துரு கரையும்போது குமிழி அதிகம் வராது. வெறும் இரும்பை அமிலம் தின்னத் தொடங்கும்போதுதான் ஹைட்ரஜன் குமிழிகள் நிற்காமல் எழும். குமிழி சரமாக எழுந்தால் அமிலத்தின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள், உடனே எடுத்துவிட வேண்டும். எடுத்துத் துடைத்தபோது உளியின் கழுத்தருகே, பத்தொன்பது ஆண்டுத் துருவுக்கு அடியிலிருந்து மார்ப்பிள்ஸ் என்ற நிறுவனப் பெயரும் ஷெஃபீல்டு என்ற எழுத்துகளும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எழுத்தின் பள்ளத்துக்குள் கருந்துரு அப்படியே நின்றதால் மை போட்டு எழுதியதுபோல் இருந்தது. அதை நான் தொடவில்லை.

இந்தக் கவனம் எனக்கு இலவசமாகக் கிடைத்ததன்று. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பழைய இழைப்புளித் தகட்டை வினிகரில் போட்டுவிட்டு, வீட்டில் ஒரு விசேஷம் வந்ததால் இரண்டு நாள் மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தபோது துரு துளியும் இல்லை, ஆனால் தகடு முழுவதும் மங்கிய சாம்பல் நிறத்தில் பனை ஓலை நரம்பு போலக் கோடு கோடாக அரித்திருந்தது. அந்தத் தகடு மெல்லிரும்பின் மேல் உருக்கை அடித்து ஒட்டிச் செய்த பழைய வகை. இரண்டு உலோகமும் சேரும் கோடு வெட்டுக்காயத் தழும்பு போலத் துலக்கமாகத் தெரிந்தது. கூர் இருந்த இடத்தில் அமிலம் இருபுறமும் தின்று விளிம்பைப் பொடிக்க வைத்திருந்தது. கால் அங்குலத்துக்கும் மேல் சாணை பிடித்துக் கழித்த பிறகே நல்ல எஃகு கிடைத்தது. வினிகர் மென்மையானது, சமையலுக்கு உரியது என்று நம்பிக் கெடுத்துக்கொண்ட தகடு அது. இப்போது அமிலத்தில் இறக்கிய எதையும் கைபேசியில் மணி வைக்காமல் விட்டுப் போவதில்லை.

புளியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள், வீட்டில் பித்தளை துலக்குவது புளியால்தானே என்று. புளியின் டார்டாரிக் அமிலம் துருவைக் கரைக்கக் கூடியதுதான். ஆனால் ஆண்டுப் புளியை நம் வீடுகளில் உப்புச் சேர்த்துத்தான் பானையில் அடைத்து வைக்கிறோம். உப்பை வெளியேற்ற ஒரு வாரம் பாடுபட்டுவிட்டு அதே உப்பைப் புளியோடு சேர்த்து உள்ளே அனுப்ப நான் ஆயத்தமாக இல்லை. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அது துருவை நிமிடங்களில் எடுத்துவிடும். அதோடு நல்ல இரும்பையும் தின்னும், புகை நுரையீரலைச் சுடும், பக்கத்தில் வைத்திருக்கும் மற்றக் கருவிகள்கூட அந்தப் புகையில் ஒரே இரவில் துருப்பிடிக்கும், குழிகளுக்குள் குளோரைடை விட்டுவிட்டுப் போகும். பிளீச்சிங் பவுடர் பட்ட பாத்திரத்தில் எந்த அமிலத்தையும் ஊற்றக் கூடாது, நச்சுக் காற்று வரும்.

வாய்ச்சிக்கும் அரங்களுக்கும், நீரில் மின்சாரம் பாய்ச்சித் துரு எடுக்கும் மின்பகுப்பு முறையைக் கையாண்டேன். இது இரும்பைத் தின்னாத முறை என்பதே இதன் சிறப்பு, மறந்துவிட்டாலும் கருவி கெடாது. பிளாஸ்டிக் வாளியில் பத்து லிட்டர் நீர், மூன்று மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய கட்டுமானக் கம்பித் துண்டுகள் நான்கை வாளியின் ஓரத்தில் சுற்றி நிறுத்தி, அவற்றை ஒரே கம்பியால் இணைத்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி சார்ஜரின் நேர்முனையில் சேர்த்தேன். வாய்ச்சியை நடுவில், எதையும் தொடாமல் தொங்கவிட்டு எதிர்முனையில் சேர்த்தேன். முனை மாறினால் கருவிதான் கரையும், ஆகவே இணைப்பை இருமுறை பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும். இப்போது வரும் தானியங்கிச் சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் மின்சாரம் விடுவதில்லை, பழைய மின்மாற்றிச் சார்ஜர்தான் இதற்கு உதவும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகளை விடவே கூடாது. நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியோ தட்டோ போட்டால் அதிலிருக்கும் குரோமியம் நச்சு வடிவில் நீரில் கரையும், அந்த நீர் புற்றுநோய் வருவிக்கக் கூடியது. துத்தநாகம் பூசிய கம்பியும் வேண்டாம், சாதாரண இரும்பு மட்டுமே வேண்டும். இரண்டாவது, சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வாயு வரும். மூன்றாவது, வாளியிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எழுந்துகொண்டே இருக்கும் என்பதால் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வைக்க வேண்டும். கிடுக்கியைக் கழற்றும்போது தீப்பொறி வராமலிருக்க முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். நான் கொல்லையில் கிணற்றடிக்கு அப்பால் வைத்தேன்.

ஆறு மணி நேரத்தில் நீரின் மேல் செம்பழுப்பு நுரை ஒரு விரற்கடைக்குத் திரண்டுவிட்டது. வாய்ச்சியை எடுத்தபோது செந்துரு இருந்த இடமெல்லாம் கறுப்பு மாவு போல ஆகியிருந்தது. நீரில் காட்டித் தேங்காய் நாரால் தேய்த்ததும் மாவு போய், கொல்லன் சம்மட்டியின் தழும்புகள் அப்படியே தெரிந்தன. கார நீரில் மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் குளோரைடும் வெளியே இழுக்கப்படும் என்பதால் நீரை மாற்றி இன்னும் இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம் வீதம் ஓடவிட்டேன்.

இழைப்புளியின் உடலை வாளியில் இறக்கவில்லை, இறக்கினால் நீல வண்ணம் உரிந்து வந்துவிடும். மண்ணெண்ணெய் தடவி, சவர பிளேடைத் தட்டையாகச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினேன். செந்துரு சுருண்டு சுருண்டு வந்தது, கீழே வார்ப்பிரும்பின் சாம்பல் நிறம் கீறலின்றித் தெரிந்தது. இதற்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று, ஆனால் தாளால் தேய்ப்பதைவிட இது கருவிக்குச் செய்யும் மரியாதை என்று எனக்குத் தோன்றியது. அடிப்பரப்பை மட்டும் கடைசியில் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் ஒட்டிய 220 எண் வாட்டர் பேப்பரில், தண்ணீர் விட்டு, முன்னும் பின்னும் நகர்த்தினேன். தகடு பொருத்தி இறுக்கிய நிலையில், முனையை மட்டும் உள்ளே இழுத்துவைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் இறுக்கும்போது உடல் நூலிழை அளவுக்கு வளையும். முன்விளிம்பும், தகடு எட்டிப்பார்க்கும் வாயின் ஓரமும், பின்விளிம்பும் ஒரே மட்டத்தில் தொட்டால் போதும். நடுவில் அங்கங்கே குழி நின்றால் இழைப்புக்கு ஒரு குறையும் வராது.

கைரம்பத்தை அமிலத்தில் இறக்க மனம் வரவில்லை. மெல்லிய கடினமான எஃகு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொண்டு முறுகி உடையும் தன்மை பெறக்கூடும், வளைந்து வேலை செய்ய வேண்டிய ரம்பத்துக்கு அது ஆகாது. ஒரு மரக்கட்டையில் 320 எண் தாளைச் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டு, பல் வரிசைக்கு இணையாக நீளவாக்கில் மட்டும் தேய்த்தேன். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் பள்ளத்துக்குள்ளும் புகுந்து, தகட்டில் பொறித்த நிறுவன முத்திரையை அழித்துவிடும். கட்டையால் தேய்த்தால் மேடு மட்டும் வெளுக்கும், முத்திரை கறுப்பாக நிற்கும். பற்களைத் தீட்டியது மூணுமூலை அரத்தால், அது வழக்கமான வேலை.

உண்மையான உழைப்பு உளிகளின் முதுகில்தான் இருந்தது. உளியின் கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. சரிவான பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும், தட்டையான பக்கத்தில் விளிம்பருகே ஒரு குழி இருந்தால் அந்த இடத்தில் கூர் உடைந்துதான் நிற்கும், மரத்தில் ஒவ்வொரு சீவலிலும் ஒரு கோடு விழும். துரு போன பிறகு இந்தக் குழிகள் அம்மைத் தழும்பு போலத் தெரிந்தன. முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை மட்டும், கண்ணாடியில் ஒட்டிய 120 எண் தாளில் தொடங்கி, பிறகு எண்ணெய்க்கல்லில் தட்டையாக வைத்துத் தேய்த்து வந்தேன். நான்கு உளிகள் சரியாகின. ஒன்றரை அங்குல உளியில் குழி ஆழம். முதுகு முழுவதையும் அந்த ஆழத்துக்குத் தேய்ப்பதைவிட, முனையில் ஒரு நெற்பருமன் கழித்துக் குழியில்லாத இடத்துக்குப் பின்வாங்குவது எஃகைச் சேமிக்கும் வழி. சாணை மெஷினில் அதைச் செய்தபோது இரண்டு நொடி வைத்துத் தண்ணீரில் நனைத்து, மீண்டும் இரண்டு நொடி என்று போனேன். எஃகு ஏறத்தாழ 230 பாகையில் வைக்கோல் நிறம் காட்டும், 300 பாகையை நெருங்கினால் நீலமாகும். நீலம் கண்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது, அவ்வளவும் கழித்தாக வேண்டும். கால் அங்குல உளி ஒன்றின் குழி இருபுறமும் ஊடுருவியிருந்தது. அதை ஒதுக்கிவிட்டேன்.

அமிலத்திலிருந்தும் வாளியிலிருந்தும் வந்த இரும்பு பச்சைக் குழந்தை போன்றது. கண்ணெதிரிலேயே, இரண்டு நிமிடத்துக்குள் அதன் மேல் மெல்லிய செம்மஞ்சள் படரும். ஆகவே சோடா நீரில் ஒரு முறை அலசி அமிலத்தை முறித்து, மழைநீரில் அலசி, துணியால் ஒற்றி, தலைமுடி உலர்த்தும் மெஷினால் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும் வரை உலர்த்தி, சூடு ஆறும் முன்பே தையல் மெஷின் எண்ணெய் தடவினேன். துணி, எண்ணெய், உலர்த்தி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்து வைத்த பிறகே கருவியைக் கரைசலிலிருந்து எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசினாவதைப் பெட்டியிலேயே பார்த்துவிட்டதால் அதன் பக்கம் போகவில்லை. பயன்படுத்திய எலுமிச்சை உப்புக் கரைசலில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, பொங்குவது நின்ற பிறகு கிணற்றுக்கும் செடிகளுக்கும் தொலைவில் கொட்டினேன்.

வாய்ச்சிக்கு மட்டும் ஒரு கூடுதல் பூச்சு கொடுத்தேன். நூறு கிராம் கடுக்காயை இடித்து ஒரு லிட்டர் நீரில் பாதியாகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, உலர்ந்த இரும்பின் மேல் தூரிகையால் பூசினேன். கடுக்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் நீலக் கறுப்பாகும். பழங்காலத்தில் மை காய்ச்சியதும் இந்தச் சேர்க்கையால்தான். பூசிய பத்து நிமிடத்தில் சாம்பல் நிற இரும்பு நாவற்பழ நிறத்துக்கு மாறி, இரண்டாம் பூச்சில் கறுத்து நின்றது. மறுநாள் எண்ணெய் தடவினேன். கைப்பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் கொடுத்தேன். அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் தானே சூடேறித் தீப்பற்றும். கொடியில் விரித்துக் காயவிட்டு, நன்றாக விறைத்த பிறகுதான் குப்பையில் சேர்த்தேன்.

இழைப்புளியின் தகட்டைத் துடைத்தபோது டங்ஸ்டன் ஸ்டீல் என்ற எழுத்துகள் வந்தன. பெரியம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்து, “ஒங்க பெரியப்பா இத யாரு கையிலயும் குடுக்க மாட்டாரு” என்றார். பூவரசுத் துண்டு ஒன்றில் அவர் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். முதல் இரண்டு ஓட்டத்தில் பழுப்புக் கறை மரத்தில் ஒட்டியது, மூன்றாவதில் சீவல் முழு அகலத்துக்கு உடையாமல் சுருண்டு வந்தது.

கருவிகளைப் பழைய பெட்டியில் திரும்ப வைக்கவில்லை. அதன் பலகையிலும் உப்பு ஊறியிருக்கிறது, அதுவே ஈரத்தை இழுக்கும். புதிய பெட்டியில், ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனிப் பள்ளம் வெட்டி, மூலையில் துணியில் முடிந்த கற்பூரம் வைத்திருக்கிறேன். கற்பூரம் வைப்பது ஆசாரி சொன்ன பழக்கம். அது கரைந்து தீர்ந்தால் மாற்றி வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை முழுவதும் பதினைந்து நாளுக்கொரு முறை திறந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ரம்பத்திலும் இழைப்புளியிலும் ஒன்றும் இல்லை. ஒரு அங்குல உளியின் கழுத்தருகே மட்டும், கடுகளவு குழி ஒன்றில் மஞ்சள் துளி மீண்டும் அரும்பியிருந்தது. அந்த உளி இப்போது பிவிசி குழாயில் சோடா நீரில் நிற்கிறது, நாளை நான்காவது முறையாக நீர் மாற்ற வேண்டும்.